யாரைக் கேட்டு இந்தக் கேட்டு?

அன்பு மகளுக்கு,

நீ அங்கே நலம் என்பது நேற்று உன் குரலிலேயே தெரிந்தது. இங்கே நாங்களும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, என்னைத் திட்டும் தெம்பு முழுதாகத் திரும்பிவிட்டது. உன் தம்பி புது வேலையில் பொருந்திவிட்டான், மீசை மட்டும் இன்னும் பொருந்தவில்லை. நம் சந்தின் கேட்டைப் பற்றிச் சொன்னபோது, "தற்காலிகம்தானேப்பா, அதுக்கு ஏன் இவ்ளோ கோவம்?" என்று கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். இப்போது என் கோபம் நன்றாக ஆறிவிட்டது. ஆறிய பிறகும் அது கோபமாகவே இருக்கிறது.

நடந்தது இதுதான். குடியிருப்போர் சங்கத் தலைவரின் சைக்கிள் காணாமல் போயிற்று. அன்று மாலைக்குள் பின்தெருக்காரர்கள் திருடர்கள் ஆனார்கள். மறுநாள் நம் தெருவைப் பின்தெருவோடு இணைக்கும் சந்தின் வாயில் இரும்புக் கேட்டு, பூட்டு, "தற்காலிக ஏற்பாடு" என்றொரு பலகை. பள்ளிக்கூடம் நம் தெருவில் இருக்கிறது. உன்னோடு அந்தச் சந்தில் சைக்கிள் பழகினாளே, பின்தெருத் தோழி, அவள் மகன் முதல் வகுப்புப் படிக்கிறான். சந்து அடைபட்டதால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்கு வந்தான். நான் இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரலாறு இதே வரிசையில்தான் நகர்ந்தது: ஒரு பொருள் தொலையும், பக்கத்தில் இருப்பவன்மேல் பழி விழும், வேலி எழும், தொலைந்த பொருளைத் தேடும் எண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். கொள்ளைநோய்க்குப் போட்ட தடை நோய் போன பின்னும் நின்றதும், போருக்கென்று விதித்த வரி சமாதானத்திலும் தொடர்ந்ததும் தற்காலிகம் என்ற இந்த ஒரு சொல்லின் தயவால்தான்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டின் அருகிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். இதையெல்லாம் சான்றுகளோடு எடுத்துரைத்தேன். மருந்துக்கடைக்காரர் கொட்டாவி விட்டார்; தலைவர், "புரொபசர் சார், பாடத்தை முடிச்சிட்டு மணி அடிங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பை உன் அம்மா அறிவாள். அவள் எழுந்து, "எனக்கு வரலாறெல்லாம் தெரியாதுங்க. யாரைக் கேட்டு இந்தக் கேட்டு? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பூட்டைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கேட்டுக்கு அப்பாலிருந்து மணிச் சத்தம், சைக்கிள் மணி. பின்தெரு சலூன்காரர் நின்றிருந்தார். "தலைவரே, முடி வெட்டிக்கிட்டு சைக்கிளை மறந்துட்டு நடந்தே போயிட்டீங்க. கொண்டாந்து விடலாம்னு தினமும் வர்றேன், எந்த மகராசனோ பூட்டி வச்சிருக்கான்" என்றார். நம் தெருவே குலுங்கிச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல், அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கும்படி தலைவரிடம் மெல்லிய குரலில் சொன்னேன். கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சலூன்காரர், "அதெல்லாம் விடுங்க, முதல்ல கதவைத் திறங்க, கடையில ஒருத்தர் பாதி ஷேவிங்கோட உக்காந்திருக்காரு" என்றார்.

உன் குடியிருப்பில் வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்குத்தான் என்றாயே. யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று விசாரி. என்னைப் போல விளக்காதே, அம்மாவைப் போலக் கேள். வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, எங்கள் ஆசிகள் எப்போதும் உன்னோடு இருக்கும்.

சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை உன் தோழியின் மகன் சந்து வழியாகவே பள்ளிக்கு ஓடினான். கேட்டைக் கழற்றச் சங்கத்துக்கு மனம் வரவில்லை. பழைய பலகையையே திருப்பி, "தற்காலிகமாகத் திறந்திருக்கும்" என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான் கற்பித்த வரலாறு பொய்யில்லை என்றால், உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது திறந்தே இருக்கும்.

தற்காலிகமாகக் கோபம் தணிந்திருக்கும்,
உன் அப்பா