பதினோராம் எண்ணில் ஊதிய கொம்பு

மழை தவறாத மலைகளும் வற்றாத சுனைகளும் என்றும் நிலைக்க. சேய்மலை நாட்டின் ஒன்பது கணவாய்களுக்கும் உரியவரும், குடிகளின் குறையைத் தம் காதாலேயே கேட்பவருமான அரசி நன்முல்லைத் தேவியாரின் திருமுன்னர், தாழை நாட்டு வேந்தர் பரகண்டதேவரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, அவருடைய பேரமைச்சன் வயிரமேகன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் ஆநிரையும் மக்களும் நலமே வாழ்வாராக. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, முறைக்காகவே எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரு நாடுகளும் ஆடும் வளையப்பந்தில் சேய்மலை வென்றால், பழைய போரில் எங்கள் கைப்பட்டுக் கல்லுடைக்கும் களத்தில் இருக்கும் தங்கள் குடிகள் எழுவரும் வீடு திரும்புவர். தோற்றாலும், ஆட்டம் சமமாக முடிந்தாலும், அவர்கள் இங்கேயே இருப்பர். இரு நாட்டாரும் ஒப்பிச் செப்பேட்டில் பொறித்தது இது. சென்ற பங்குனி ஆட்டம் சமமாக முடிந்தது. கடைசி எறியைச் செல்லாது என்று கொம்பு ஊதிய நடுவரின் தீர்ப்பை மாற்றி, அதை வெற்றியாக அறிவிக்க வேண்டும் என்று தாங்கள் எழுதியருளிய ஓலையை வேந்தர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஊதியவர் தங்கள் நாட்டவரே. இரு நாட்டிலிருந்தும் நாட்டுக்கு ஒரு நடுவர் ஆட்டக்களத்தில் நிற்பது வழக்கம் அல்லவா? சேய்மலையின் சார்பில் நின்றவர் மாறோகனார், இருபது ஆண்டாக ஊதுகொம்பைக் கையில் பிடித்தவர். ஆட்டம் முடிந்தபின் ஊருக்குத் திரும்ப மனமின்றி எங்கள் விருந்தினர் மாளிகையில் தங்கியிருக்கும் அவரை மூன்று நாள் தொடர்ந்து சென்று கண்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்பேட்டில் நாற்பத்தொரு விதிகள் உண்டு. அவற்றில் பாதியைக்கூட எந்த நடுவரும் ஊதுவதில்லை. உள்ளங்கையைப் பந்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கிச் செல்வதும், எறிபவன் கையை விட்டுப் பந்து போகுமுன் மற்றவர் கோட்டைத் தாண்டிக் கால் வைப்பதும் கண்டும் காணாமல் விடப்படுபவை. மிஞ்சினால் நடுவர் பக்கத்தில் போய்க் காதோடு ஒரு வார்த்தை சொல்வார், ஆட்டக்காரன் திருந்திக்கொள்வான். எல்லாவற்றையும் ஊதினால் ஆட்டம் நடக்காது, கொம்பு மட்டுமே கேட்கும் என்றார் மாறோகனார். அப்படித் தூங்கிக் கிடந்தவற்றுள் ஒன்று பத்தெண் விதி. எதிரணியால் தள்ளிவிடப்பட்ட ஆட்டக்காரன் அதற்கு ஈடாக இடையூறின்றித் தனியே நின்று எறியும் தனியெறியில், பந்து கைக்கு வந்தது முதல் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும் என்பது அது. அறுபது ஆண்டாக அதை எவரும் ஊதியதில்லை. எண்ணிப் பார்த்ததுகூட இல்லை என்று எங்கள் முதிய நடுவர்கள் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டனர்.

மாறோகனார் அன்று எண்ணினார். தம் நாட்டாருக்காக வளைந்துகொடுத்தார் என்ற பேச்சு தம் காதில் விழவே கூடாது என்பது ஒன்றே காலை முதல் அவர் நெஞ்சில் இருந்தது. சேய்மலை வீரர் ஏழிலன் தனியெறிக்கு நிற்கும்போதெல்லாம் பந்தை ஏழுமுறை தரையில் தட்டிவிட்டுத்தான் எறிவார். கல்லுடைக்கும் களத்தில் வாடும் எழுவரின் பெயரையும் ஒவ்வொரு தட்டுக்கு ஒன்றாக மனத்துள் சொல்லிக்கொள்வது அவர் பழக்கம் என்பதைத் தங்கள் நாடே அறியும். அந்த எறிகள் ஒன்பதாம் எண்ணிலோ பத்தாம் எண்ணிலோ முடிந்தன. ஒவ்வொரு முறையும் தாம் பெருமூச்சு விட்டதாக மாறோகனார் கூறினார். முதற்பாதியிலேயே அவர் ஏழிலன் காதருகே சென்று சற்று விரைந்து எறியுமாறு சொன்னார். நம்மவர் நம்மிடம் கண்டிப்புக் காட்ட மாட்டார் என்று எண்ணிய ஏழிலன் சிரித்துக்கொண்டார்.

இனி எழுதப்போவது எங்கள் நாட்டுக்குப் பெருமை தருவதன்று. ஆட்டத்தின் நடுவே எங்கள் வீரன் ஒருவன் தனியெறிக்கு நின்று பன்னிரண்டு எண்ணும் வரை பந்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். எங்கள் நடுவர் எண்ணவே இல்லை. மாறோகனார் எண்ணினார். கொம்பை உதடுவரை கொண்டுபோனார். ஊதினால் ஊர்ப்பாசம் என்பார்களே என்று அஞ்சிக் கீழே இறக்கிவிட்டார். அந்த எறி வளையத்தில் விழுந்தது, எங்கள் கணக்கில் ஏறியது.

கடைசியில் சேய்மலை ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது ஏழிலனுக்கு இரண்டு தனியெறி கிடைத்தது. முதலாவது விழுந்து ஆட்டம் சமமாயிற்று. இரண்டாவதற்கு அவர் பந்தை ஏழுமுறை தட்டினார்; பின் இன்னும் ஒருமுறை தட்டினார். மாறோகனாரின் எண் பதினொன்றைத் தொட்டது. சற்றுமுன் எங்கள் வீரனுக்கு ஊதாதவர், தம்மவர் என்பதாலேயே இப்போது விட்டால் அது களவாகும் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார், அதற்குள் கொம்பு ஒலித்துவிட்டது. பந்து அந்நேரம் காற்றில் இருந்தது. அது வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் உள்ளே இறங்கியதைப் பல்லாயிரவர் பார்த்தனர்.

கூட்டம் கலைந்தபின் எட்டாவது தட்டு எதற்கு என்று மாறோகனார் கேட்டார். கல்லுடைக்கும் களத்தில் எழுவருள் ஒருத்திக்குப் பெண்குழந்தை பிறந்த செய்தி அன்று காலைதான் தமக்கு எட்டியதென்றும், அவளை விட்டுவிட்டு எறிய மனம் வரவில்லை என்றும் ஏழிலன் கூறினார். நடுவரை அவர் ஒரு சொல்லும் பழிக்கவில்லை. பழித்திருக்கலாமே என்றுதான் மாறோகனார் என்னிடம் அழுதார்.

தேவியார் பொறுத்தருள்க. விதி ஏட்டில் இருந்தது, எண்ணிக்கை சரி, முன்கூட்டிச் சொல்லவும் பட்டது. எங்கள் வீரன் செய்த பிழை மெய்யே ஆயினும், ஆட்டத்தில் ஊதாத கொம்பை ஆட்டம் முடிந்தபின் ஊத விதியில்லை. ஆயினும் தீர்ப்பை மாற்ற வேண்டி அரசவையில் நான் இரண்டு நாழிகை வாதாடினேன். என் வாதத்தை நானே நம்பவில்லை என்பதை வேந்தர் என் முகத்திலேயே கண்டுகொண்டார். தீர்ப்பு நிற்கும். எழுவரும் களத்திலேயே இருப்பர். களத்தில் பிறந்தவர் களத்துக்கே உரியவர் என்று செப்பேடு சொல்வதால் குழந்தையும் இருக்கும்.

தாயையும் சேயையும் விடுத்து அவர்களுக்கு ஈடாகத் தம்மைக் கல்லுடைக்க அனுப்புமாறு மாறோகனார் வேந்தரின் காலில் விழுந்து கேட்டார். குற்றமற்றவனைச் சிறையிடுவது தாழை நாட்டு வழக்கமன்று என்று வேந்தர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், இத்தனை நேர்மையான நடுவரை இரு நாட்டிலும் கண்டதில்லை என்று புகழ்ந்து, 'துலைக்கோல் நாயகர்' என்ற பட்டமும் பொற்பூவும் அளித்தார். பகைவர் கையால் வரும் பட்டத்தோடு தம் தெருவில் எப்படி நடப்பது என்று கேட்டு, அதை வேண்டாமென்று அவர் மன்றாடினார். வேந்தர் கொடை திரும்பப் பெறப்படுவதில்லை. அவரை வீடு வரை காத்துக் கொண்டுவந்து சேர்க்க இவ்வோலையோடு வீரர் நால்வர் வருகின்றனர். அவர் வீட்டுக் கதவு திறக்கப்படுமோ இல்லையோ, நான் அறியேன்.

ஆகவே வேந்தர் ஆணை வருமாறு: பத்தெண் விதியால் நல்லோர் இருவர் மனம் நொந்தமையால், அவ்விதி இன்று முதல் செப்பேட்டிலிருந்து வெட்டி நீக்கப்படுகிறது. இனி எந்த ஆட்டக்காரனும் விரும்பும் அளவு நேரம் பந்தைக் கையில் வைத்திருக்கலாம். நடந்து முடிந்த ஆட்டத்தை இந்நீக்கம் தொடாது. அடுத்த ஆட்டம் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே பங்குனியில்.

இது தாழம்பூ முத்திரை இட்டு, வேந்தர் திருமுன் படித்து ஒப்பிய ஓலை. இதற்கு மறுவோலை வேண்டா என்பதும் அவர் வாக்கு.