இரண்டு வாசல் கூடாரம்

மார்கழி 16, வெள்ளி

பனி கொட்டுகிறது. எதிர்வீடு தெரியவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டாயிற்று, சாணி அள்ளியாயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. வசந்தா பார்த்தால் சிரிப்பாள். சிரிக்கட்டும், நான் பெற்ற பெண்தானே.

நேற்று வயலுக்குக் காரியஸ்தர் வந்தார். பண்ணையாரின் நிலம் பூராவுக்கும் அவர்தான் அதிகாரம். வெயிலே இல்லை, ஆனாலும் குடை. வரப்பில் நின்றபடியே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"ராமையா, இந்தத் தடவ அறுப்ப பண்ணையே பாத்துக்கும். இனிமே சொந்தச் சாகுபடி. ஒனக்கு ஏதாச்சும் பாத்துச் செய்வாங்க."

உழுதது இவர். நட்டது நான். களை பறித்தது நானும் மகளும். அறுக்க மட்டும் பண்ணை வருமாம். வாயில் ஊட்டிவிடவும் ஆள் அனுப்புவீர்களா என்று கேட்க வாய் வந்தது. இவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

சாயங்காலம் விவசாயிகள் சங்கத்துக் கலியபெருமாள் அண்ணன் வந்து விளக்கமாகச் சொன்னார். அறுப்பு முடிந்ததும் கர்ணம் வந்து யார் சாகுபடி என்று அடங்கல் கணக்கில் எழுதுவார். அறுத்தவர் பெயர்தான் ஏறும். பண்ணை அறுத்துவிட்டால் எங்கள் மூன்று மா நிலக் குத்தகை போச்சு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மூன்று மாதான் சோறு.

"அறுக்குற வரைக்கும் வயல விட்டு நகராதீங்க. ஒத்த ஆளா இருந்தா ராமையன அடிச்சுப் போட்டுருவானுவ. குடும்பத்தோட போய் உக்காருங்க, யோசிப்பானுவ. வாய்க்கா கரை சர்க்கார் எடம். அங்க இருந்தா ஒருத்தனும் கேக்க முடியாது."

இவர் உடனே, "நாலு மூங்கி, பத்துக் கீத்து. அரை நாள் வேலை."

"கீத்து வேணாம்" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று இவருக்கும் தெரியும். கிழக்கே ஒரு ஊரில், பயந்து குடிசைக்குள் ஓடிப் புகுந்தவர்களை வெளியே விடாமல் கொளுத்தினார்களே. பொம்பளை, பிள்ளை என்று பார்க்கவில்லை. ஊருக்குள் என்றால் அக்கம்பக்கம் ஓடி வரும். நடு வயலில் கீற்றுக்குக் கீழே என் பெண்ணைப் படுக்க வைக்க மாட்டேன். அதைச் சொல்லவில்லை. கீத்து வேணாம் என்று மறுபடி சொன்னேன், அவ்வளவுதான்.

இவர்: "அப்ப துணிதான்."

மார்கழி 17, சனி

கூடாரம் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் பேசியது:

இரண்டு பக்கமும் வாசல். இது நான். மாற்றமே இல்லை.

மூன்று பேர் படுக்க, ஒரு ஓரம் அடுப்புச் சாமான், வசந்தாவின் புத்தகப் பை. இந்த வருஷம் பத்தாவது.

பனி இறங்கக் கூடாது. மழை வந்தாலும் தாங்க வேண்டும்.

ஆடு விற்ற நாற்பது ரூபாய்க்குள்.

நிறம். இதற்குத்தான் சண்டை. சிவப்பு என்றால் சங்கம் கொட்டகை போட்டுவிட்டது என்பார்கள். கருப்பு சிவப்பு என்றால் ஆளுங்கட்சி மாநாடு. இவர் காவியாக இருக்கட்டும் என்றார். "அப்பா, அப்பறம் ஆளாளுக்குக் காலுல விழுந்து துன்னூறு கேப்பாங்க" என்றாள் வசந்தா. வாய் என்னை மாதிரி. நல்லதுதான்.

மார்கழி 19, திங்கள்

தஞ்சாவூர். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கால் வலி.

முதல் கடையில் புதுக் கூடாரம், பச்சைக் கித்தான். கடைக்காரர், "எங்கம்மா போறீங்க? கொடைக்கானலா?"

"இல்லிங்க, வாய்க்கா கரைக்கு."

"பிக்னிக்கா?"

"ஆமாங்க. அறுப்பு வரைக்கும் பிக்னிக்."

விரித்துக் காட்டினார். உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். இவருக்கு வெட்கம், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ஒரே வாசல். அதற்கும் வரிசையாகப் பித்தான். அவசரத்துக்கு யார் உட்கார்ந்து கழற்றுவது?

"பின்னாடியும் ஒரு வாசல் வெட்டித் தருவீங்களா?"

"பின்னாடி எதுக்கும்மா வாசல்?"

விலை கேட்டோம். எங்கள் ஆடு நாலு குட்டி போட்டு, நாலும் வளர்ந்து நின்றாலும் கட்டாது.

அடுத்து, பழைய லாரித் தார்ப்பாய். இவருக்கு ரொம்பப் பிடித்தது, கனமாக இருக்கிறதாம். ஓரத்தில் நூல் ஒன்றைப் பிய்த்துத் தீக்குச்சியைக் காட்டினேன். புஸ்ஸென்று பிடித்தது.

"ஏம்மா, வாங்க வந்தியா, கடையக் கொளுத்த வந்தியா?"

இறங்கி நடந்துவிட்டோம்.

கடைசியில் ஒரு பந்தல்காரர். பழைய சாமியானா, மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக, சுற்றிலும் ஜாலர். மலிவு. ஆனால் பக்கத் துணி கிடையாது. இவர் ஜாலரைத் தடவிக்கொண்டே நின்றார்.

"என்னங்க, ரெண்டாந்தாரமா? பொண்ணு எந்த ஊரு?"

பந்தல்காரர் சிரித்துவிட்டார். இவர் பஸ் ஸ்டாண்டு வரை பத்தடி முன்னாலேயே நடந்தார். வெறுங்கையோடு வீடு.

மார்கழி 20, செவ்வாய்

கருவாட்டுக்கார அஞ்சலை வந்தாள். நாகூர்ப் பக்கம் கடற்கரைக் குப்பம் அவளுக்கு. கூடையை இறக்கும் முன்பே எங்கள் கதையைச் சொன்னேன். நெத்திலி அளந்துகொண்டே கேட்டாள்.

"எதுக்குக்கா கடை கடையா அலையிற? எங்க வூட்டுல மரத்துப் பாய் பழசு ரெண்டு கெடக்கு. காத்துல கிழியாத துணி. வந்து பாரு."

மரம் என்றால் அவர்களுக்குக் கட்டுமரம்.

மார்கழி 22, வியாழன்

காலை ரயிலில் நாகூர். நானும் இவரும். வசந்தாவுக்குப் பரீட்சை.

கடலைப் பார்த்ததும் இவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்கு வந்த மாதிரி. இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு நாற்று நட முடியவில்லையே என்றார். இவருக்கு எங்கே போனாலும் அதே நினைப்பு.

பாய் இரண்டும் மணலில் விரித்துக் கிடந்தன. முக்கோணம். பழுப்பு நிறம், எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாத நிறம். அங்கங்கே ஒட்டு. தூக்கிப் பிடித்து வெயிலில் பார்த்தேன், ஓட்டை இல்லை. மீன் வாடை தாராளமாக. நூலைப் பிய்த்துக் கொளுத்தினேன். மெதுவாகக் கருகி, தானாக நின்றது. எத்தனை வருஷத்து உப்போ.

அஞ்சலை: "இது காத்தப் புடிக்கிற துணிக்கா. நாலு பக்கமும் அடைச்சு வூடு கட்டுன, ஒன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும். முன்னாலயும் பின்னாலயும் தொறந்து வுடு. காத்து வந்தா வந்த வழியா போயிரும்."

இவரைப் பார்த்தேன். இரண்டு வாசல் என்று நான் சொன்னபோது முகத்தைச் சுளித்தவர், அஞ்சலை சொன்னதும் தலையை ஆட்டுகிறார்.

"நான் சொன்னா ஏறாது. கடக்கரையிலேர்ந்து வந்தாதான் ஏறும்."

நாற்பது கேட்டாள். முப்பத்தைந்தில் முடிந்தது. சுறாக் கருவாடு ஒரு துண்டு சும்மா கொடுத்தாள். திரும்பும் ரயிலில் எங்களைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. காலை நீட்டிப் படுத்து வந்தோம்.

மார்கழி 24, சனி

இரண்டு நாளாகக் கோணி ஊசியால் தையல். நீளப் பக்கம் இரண்டையும் சேர்த்து நடுமுதுகு. கீழே போதாத இடத்துக்குச் சாக்கு. விரல் நுனியெல்லாம் பொத்தல்.

மத்தியானம் வாசலில் கட்டிப் பார்த்தோம். இவர் உள்ளே நின்று, "பாத்தியா, எப்புடி நிக்கிது" என்று கழியைத் தட்டினார். மொத்தமும் இவர் தலையில். உள்ளே மூச்சுமுட்டிக்கொண்டு கையை வீசுகிறார், நானும் வசந்தாவும் சிரித்துச் சிரித்து எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் எடுத்துவிட்டாள்.

அப்புறம் சிரிப்பில்லாமல் ஒரு காரியம் செய்தேன். மூன்று பேரும் உள்ளே படுத்து, நான் "ஓடு" என்றதும் எழுந்து ஓடவேண்டும். வசந்தா முன் வாசல், நாங்கள் பின் வாசல். பலமுறை செய்தோம். கடைசித் தடவை நான் வாயைத் திறந்தபோதே அவள் வெளியே நின்றாள்.

மார்கழி 27, செவ்வாய்

வாய்க்கால் கரையில் கூடாரம் போட்டாயிற்று. மாடு பக்கத்து வீட்டில். இவர் மண்வெட்டியோடு சுற்றிலும் வரப்பு போட்டார். தண்ணீர் உள்ளே வரக் கூடாதாம். கை வைத்தால் வழுக்கும், அப்படி ஒரு வரப்பு. ஊரில் இவர் வரப்புக்குப் பெயர் உண்டு.

பத்து மணிக்குக் காரியஸ்தர்.

"என்ன ராமையா, சர்க்கஸ் போடுறியா?"

நான்: "ஆமாங்கய்யா. டிக்கட் வாங்கிட்டு உள்ள வாங்க."

"துணியில குடும்பம் நடத்த முடியுமா? வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு?"

"அவ படிக்கிறா. நான் சமைக்கிறேன். இவரு தூங்குறாரு. வீட்டுல நடக்குறதுதான் இங்கயும் நடக்குதுங்க."

போய்விட்டார். அவர் குடை மறைந்ததும் அடுப்பு மூட்டினேன்.

மார்கழி 29, வியாழன்

காலம் கெட்ட மழை. விடிந்ததும் பிடித்தது.

துணி ஒரு சொட்டு விடவில்லை. கீழே பார்த்தால் பாய் மிதக்கிறது. இவர் போட்ட வரப்பு அத்தனை தண்ணீரையும் சுற்றிக் கட்டி உள்ளே நிறுத்திவிட்டது. கணுக்கால் அளவு, ஒரே மட்டமாக, நாற்றங்கால் மாதிரி. வசந்தா புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னங்க, வெதை ஊற வைக்கட்டுமா?"

இவர் வரப்பை வெட்டி மடை திறந்தார். தண்ணீர் வாய்க்காலுக்குப் போயிற்று. "பழக்கம் புள்ள" என்றார், அவ்வளவுதான். கரம்பை மண்ணைக் கொட்டித் தரையை மேடாக்கினோம்.

பயிர் சாயவில்லை. நாலு தரம் போய்ப் பார்த்தேன்.

தை 1, வெள்ளி

கரையிலேயே பொங்கல். ஈர விறகு, புகை. கண்ணெல்லாம் சிவப்பு. பால் பொங்கியதும் மூன்று பேரும் கத்தியதில் நாரை எல்லாம் பறந்தது. எங்களுக்குப் பொங்கல் போதாது, போவோர் வருவோர் எல்லாம் கூடாரத்தைப் பார்க்க வந்து ஆளுக்கு ஒரு வாய்.

தை 3, ஞாயிறு

புதிர் எடுத்தோம். நல்ல நேரம் பார்த்து இவர் முதல் கதிர் ஒரு பிடி அறுத்தார். மஞ்சள் பூசி, ஆவாரம்பூ சேர்த்து, பயிர் வைத்தவர் தம் நிலைவாசலில் கட்டுவதுதான் வழக்கம்.

இவர்: "வீட்டுக்குப் போயிக் கட்டிட்டு வந்துர்றேன்."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

"சோறு பொங்குறது இங்க, படுக்குறது இங்க. புதிர் மட்டும் அங்கயா? இங்கதான் கட்டணும்."

"துணிக்கு ஏது நிலை?"

"கழி இருக்குல்ல."

ரொம்ப நேரம் பேச்சு. வீட்டில் கட்டாவிட்டால் ஆகாது என்கிறார். நான் விடவில்லை. எந்த வாசல் என்று அடுத்த தகராறு. பிடியை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் கட்டினேன். புது நெல் குத்தி, பாயசம். இவர் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார், கோபத்தோடேயே.

தை 6, புதன்

பனி விலகும்போது காரியஸ்தர் வந்துவிட்டார். பின்னால் அறுப்பு ஆட்கள், எல்லாம் பொம்பளைகள், வேற்றூர். பேராவூரணிப் பக்கம் என்று அப்புறம் தெரிந்தது. கையில் கருக்கரிவாள். தடியோடு இரண்டு பேர் தள்ளி நின்றார்கள்.

இவர் வரப்பில் போய் நின்றார். நான் இவர் பக்கத்தில். வசந்தா என் பக்கத்தில். உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை.

காரியஸ்தர், "எறங்குங்கடி வயல்ல. பண்ணை வயலு இது."

முதலில் இறங்க வந்தவள் நரைத்தலைக்காரி. ஒரு காலை வைத்தவள் கூடாரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"புதிர் தொங்குதே. யாரு கட்டுனது?"

"நான்தான் ஆத்தா. இந்த வயக் கதிருதான்."

"பண்ணையில புதிர் எடுத்தாச்சாய்யா?"

காரியஸ்தர் குடையைக் கூடாரத்துப் பக்கம் நீட்டி, "துணியில கட்டுனா அது புதிரா? அது என்ன வீடா? வாசப்படி இருக்கா?"

எனக்கு எங்கிருந்துதான் சத்தம் வந்ததோ. "ஒண்ணு இல்லிங்கய்யா, ரெண்டு வாச. வந்து பாருங்க. பொங்க வச்ச அடுப்பு இருக்கு. எம்பொண்ணு படிக்கிற புத்தகம் இருக்கு. இது வீடு இல்லன்னா எதுங்க வீடு?"

நரைத்தலைக்காரி வைத்த காலை எடுத்தாள். "புதிர் கட்டுனவ உசுரோட நிக்கும்போது அவ பயிருல நான் அருவா வைக்க மாட்டேன்யா. வச்சா எங்க ஊருல பொழப்பு நடத்த முடியாது. பண்ணை வயலுன்னு சொல்லித்தானே கூட்டியாந்த?"

மற்றவர்களும் வரப்பேறிவிட்டார்கள். தடிக்காரர்கள் காரியஸ்தர் முகத்தைப் பார்க்கிறார்கள். அத்தனை பொம்பளைகள் கையிலும் அரிவாள், அதையும் பார்க்கிறார்கள். அதற்குள் கலியபெருமாள் அண்ணனும் தெருவில் பாதியும் கரை மேல் வந்தாயிற்று. காரியஸ்தர் குடையை விரித்தார், மடக்கினார், போனார். கர்ணத்திடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

கிழவி போகவில்லை. இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுத் தொலவு வந்துட்டோம். வெறுங்கையா போகவா? ஒனக்கு அறுத்துத் தாரோம். கூலி என்ன?"

"பண்ணை என்ன சொன்னாங்களோ அதுக்கு மேல ஒரு மரக்கா நெல்லு."

"ஒரு மரக்காதானா? கூடாரத்துல இருக்கவளுக்கு வாயப் பாரு."

"ரெண்டு. புது நெல்லுப் பாயசமும் உண்டு."

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். முதல் வீச்சு இவர்.

இப்போது மத்தியானம். முக்கால் வயல் அறுத்தாயிற்று. கர்ணம் வருவதற்குள் கட்டு அத்தனையும் நம் களத்தில் கிடக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவர் எழுத வேண்டும். கட்டுவதற்கு வைக்கோல் பிரி போதவில்லை, வசந்தா திரித்துக்கொண்டிருக்கிறாள். கிழவி கூப்பிடுகிறாள், கட்டைத் தூக்கித் தலையில் வைக்க ஆள் வேண்டுமாம்.