கழற்றிய பலகை

கைத்தொழிலில் கெட்டிக்காரரான தச்சர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நம் நாய் துரை நேற்று மணி பிளான்ட்டைக் கடித்துத் தின்றுவிட்டான். வாய் வீங்கி, எச்சில் ஒழுகி, வீடெல்லாம் வாந்தி.

அவன் குட்டியாக வந்தபோது, "இந்தச் செடி நாய்க்கு ஆகாது, எட்டாத உயரத்துல வெச்சிடலாம்" என்று சுவரில் பலகை அடித்தவரே நீங்கள்தான். நேற்று நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்து அதைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். தொட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்து, தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறீர்கள். என்ன ஒரு பொறுப்பு!

ஃபோன் செய்தால், "என் கையால செஞ்சது, எடுத்துக்கிட்டேன்" என்று பட்டென வைத்துவிட்டீர்கள். நான் பலகைக்காகக் கூப்பிடவில்லை. துரையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் இருந்தேன்.

"செடி விஷம்னு வீட்டுல யாருக்குமே தெரியாதா?" என்று கடிந்துகொண்டார் நாய் டாக்டர்.

"தெரிஞ்சவரு வீட்டுல இல்லைங்க" என்றேன்.

பிழைத்துவிட்டான். ஆனால் நான் ஊட்டுவதை மோந்துகூடப் பார்க்காமல், நீங்கள் விட்டுப்போன பழைய செருப்பின்மேல் தலைவைத்துக் கிடக்கிறான். மானங்கெட்ட நாய்.

செடிகளைத் தூக்கிப் போடமாட்டேன். கட்டிலில் நீங்கள் படுக்கும் பக்கம் தொட்டிகளை அடுக்கி, அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். அந்த இடம் வேண்டுமென்றால் பலகையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவள்