கட்டில் மேல் பெட்டி

அன்புள்ள விஜிக்கு,

நான் நல்லா இருக்கேன். உனக்கு முட்டிவலி தேவலையா? போன்ல சொல்ல வாய் வரல, அதான் லீவுக்கு வர்ற மணிமாறன்கிட்ட இதைக் கொடுத்து விடுறேன்.

எங்க சைட்ல சேஃப்டி ஆபிசர் ஒரு அமெரிக்காக்காரர், கறுப்பர். அந்தக் காலத்துல சிகாகோவில கறுப்பு ஆளுகளுக்கு நல்ல தெருவுல வீடு தரமாட்டாங்களாம். வீடு கேட்டு ஊர்வலம் போன அவங்க அப்பா கல்லடி பட்டாராம். மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். நானும் சொன்னேன், மதுரையில வாடகைக்கு வீடு கேட்டுப் போன உன்கிட்ட 'எந்த ஆளுக'ன்னு கேட்டுட்டு, 'வேற ஆள் வந்தாச்சு'ன்னு கதவைச் சாத்தின வீட்டுக்காரம்மாவைப் பத்தி. என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலமே எங்க ரூம்ல காலியா இருந்த கட்டிலுக்கு உகாண்டாக்காரர் ஒருத்தரை கேம்ப் ஆபீஸ்ல இருந்து அனுப்பினாங்க. கறுப்பர் வேண்டாம், நீயே ஏதாவது சொல்லி அனுப்புங்கற மாதிரி ரூம்ல எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. உனக்குச் சாமான் சேர்த்து வச்சிருக்கிற பெட்டியைத் தூக்கி அந்தக் கட்டில்ல வச்சேன். வேற ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். அவர்தான் 'சாரி பிரதர்'னு சொல்லிட்டுப் போனார்.

பெட்டியை இன்னும் இறக்கல. சேஃப்டி ஆபிசர் இருக்கிற பக்கம் போறதில்ல, தனியாத்தான் சாப்பிடுறேன். மணிமாறன் திரும்பும்போது பருப்புப்பொடி கொடுத்து விடு.

மணிமாறனை ஏத்திட்டுப் போக வந்த வண்டி ஹாரன் அடிக்குது. அந்த வீட்டுக்காரம்மாவை நான் உன்கிட்ட போன்ல அப்படித் திட்டினேனே, அதை மறந்துடு.

அழகுமலை