மஞ்சள் குறிகள்

மார்ச் 4
என் வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைக்காரர் புதிது போட்டு, பழைய விண்டோஸையே ஏற்றிக் கொடுத்தார். வீட்டில் மாட்டினால் யுஎஸ்பி ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அவர் அமுக்கும் பொத்தானை அதில்தானே மாட்டணும்? உடம்பை ஒவ்வொரு இடமாக முடக்கும் நோய்; கண்ணையும் ஒரு விரலையும் தவிர வேறெதுவும் அசையாது. அந்த விரலால் பொத்தானை அமுக்கி, திரையில் எழுத்து எழுத்தாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன்.

மார்ச் 5
சிப்செட் டிரைவர் என்று ஒரு மென்பொருள் போடணுமாம். அது இல்லாமல் மதர்போர்டில் என்ன இருக்கிறது என்றே விண்டோஸுக்குத் தெரியாதாம். வேலை செய்யாத ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, திரை முழுக்க மஞ்சள் குறிகள். போர்டு செய்த கம்பெனியின் தளத்தில், இந்த மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது என்று ஒரே வரி.

மார்ச் 7
என் தம்பி எங்கோ தேடிப் பிடித்து பென்டிரைவில் கொண்டுவந்தான். பென்டிரைவே தெரியவில்லை! டிரைவர் போட யுஎஸ்பி வேண்டும், யுஎஸ்பிக்கு டிரைவர் வேண்டும். சிடியில் எழுதிப் போட்டோம். இது வேறு போர்டுக்கானது என்று நின்றுவிட்டது.
புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்கிறான். அவர் பேசுவதற்கான மென்பொருள் பழசு, அதில் ஓடாது. அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள்.

மார்ச் 8
கண்ணாலேயே ஏதோ கேட்கிறார். தண்ணியா? ஃபேனா? முதுகு வலிக்குதா? கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் ஆமா என்று அர்த்தம். இல்லை, என்னை விட்டுத் தொலை என்றா?

மார்ச் 12
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15
தம்பி பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, போர்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தான். இத்தனை நாள் தேடியது வேறு எண்ணாம். சரியான டிரைவர் ஏறியது. மஞ்சள் குறிகள் ஒவ்வொன்றாகப் போயின.
பொத்தானை விரலடியில் வைத்தேன். "அமுக்குங்க." அசையவில்லை. "கொஞ்சம்... கொஞ்சமா அமுக்குங்க." அவர் என்னையே பார்த்தார்.
நோய் விரலுக்கும் வந்துவிட்டது, எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் போனில் சொன்னார். எப்படியும். அந்த விரல் கடைசியாக அசைந்த நாட்களை டிரைவர் தேடியே தொலைத்துவிட்டேனே.

மார்ச் 19
நானே எழுத்துகளைச் சொல்கிறேன். வேண்டிய எழுத்தில் கண்ணை மூடுவார். முதலில் மு. அப்புறம் டி.
முடி. எல்லாத்தையும் முடித்துவிடு என்கிறாரா? "அப்படியெல்லாம் சொல்லாதீங்க."
முறைத்தார். இன்னும் சொல்ல இருக்கிறதா என்றேன். கண்ணை மூடினார். மறுபடி ஆரம்பித்தேன்.
வெ. ட். டு.
முடி காதை மூடி வளர்ந்திருந்தது. தினமும் பார்த்தும் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் எடுத்தேன். ஒரு பக்கம் கோணல்தான். உடனே அடுத்த வார்த்தை. க, ண்... முகம் பார்க்கக் கண்ணாடி கேட்கிறார்.