ஆதாரம் தரப்படாத வரி

தராஸ்,
முதல் பனி விழுந்த வாரம்.

மகன் நூர்பெர்கெனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், புசானில் கப்பல் பட்டறைக் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருக்க வேண்டும். நாலு மாதமாக நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். போன வியாழக்கிழமை ரவ்ஷானுக்குக் கல்யாணம் முடிந்தது. ஊரார் சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்வது மேல்.

அவளுக்குக் கம்மல் போட்டு உனக்கு நிச்சயம் செய்யப் போன அன்று, இணையத்து வம்சாவளிப் பதிவை அச்செடுத்துப் போய், ஐந்தாம் பாட்டன் பைஜான் இரண்டு வீட்டுக்கும் ஒருவரே, நம் வழக்கப்படி ஏழு தலைமுறைக்குள் பெண் எடுக்கக் கூடாது, இவர்கள் அண்ணன் தங்கை முறை என்று நாற்பது பேர் முன்னால் வாசித்தேன். அதை நம்பித்தான் நீயும் கொரியா போனாய். அவள் அப்பா செய்த்காலி நில அளவைக்காரர், அளக்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். முப்பத்தொரு குடும்பங்கள் தங்கள் பதிவிலும் அதே வரியைப் போட்டிருக்கின்றன என்று நான் சொல்லியிருந்தேன். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, “யாரு சொல்லிக் கேட்டீங்க, எந்தக் காகிதத்துல பாத்தீங்க?” என்று விசாரித்திருக்கிறார். இவனைப் பார்த்து அவன், அவனைப் பார்த்து இன்னொருவன் என்று போய், கடைசியில் ஷிம்கென்ட்டில் ஒரு பல் வைத்தியர், “பேரு ஒண்ணா இருந்துச்சு, சேத்துட்டேன்” என்றாராம். ஆவணக் காப்பகத்துக் குடிக்கணக்கில் பைஜான் இரண்டு பேர். ஒருவர் பிறக்கும் முன்பே மற்றவர் செத்தாயிற்று.

அதன் நகலோடு செய்த்காலி நம் வீட்டுக்கு வந்தார். “சம்பந்தம் பேச வரல. எம்பொண்ண கூனிக் குறுக வெச்சீங்கல்ல, அதே நாப்பது பேருகிட்ட தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்றார். உன் அப்பா தலைகுனிந்துகொண்டார். நான் முடியாது என்றேன். உன்னிடம் மறைப்பானேன், நான் அச்செடுத்த பக்கத்தின் அடியிலேயே ‘ஆதாரம் தரப்படவில்லை’ என்று இருந்தது. அந்த வரியை உள்பக்கம் மடித்துக்கொண்டுதான் வாசித்தேன். காலை இழுத்து இழுத்து நடக்கிறவளை மருமகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை.

மாப்பிள்ளை நம் தெரு என்பதால் கல்யாணத்துக்குப் போனேன். மணப்பெண்தான் தேநீர் ஊற்றினாள். எல்லோருக்கும் பாதிக் கோப்பை, எனக்கு மட்டும் விளிம்பு ததும்ப. குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை வேறெப்படிச் சொல்வாள். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஆறவைத்து, நிதானமாகக் குடித்து முடித்துத்தான் எழுந்தேன்.

அவளுக்கு எதுவும் எழுதாதே. கம்பளிக் காலுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. வசந்தத்தில் லீவு கேட்டு வை, மெர்கேயில் ஒரு பெண் பார்த்திருக்கிறேன்.

நீ நூறாண்டு குறையில்லாமல் வாழ வேண்டும். அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன், பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். அதனால் நான் மட்டும்,

உன் அம்மா
ஜெய்னேப்