யாழினியின் அமீன்

அன்பு மகளே யாழினி,

முந்தாநாள் உன் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தோம். இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தேன். டெங்கிக் காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது. உன் ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. ஜெசிந்தாதான் விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் உன் பக்கத்து மேசையில் வேலை செய்தாளே, அந்த ரெம்பாவ் ஊர்ப் பெண்.

லாபு தோட்டத்து ஸ்டோரில், ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றியவன் நான். அந்த நெடி எனக்குத் தெரியும். அதே அமோனியாவை ஆல்கஹாலோடு சேர்த்து, மருந்துகளுக்கு வேண்டிய அமீன் என்ற ரசாயனத்தைச் செய்யப்போகிறேன் என்றாய். இரண்டையும் சேரத் தூண்டுவதற்கு விலையுயர்ந்த உலோகம் வேண்டாம், இரும்பே போதும். கழிவாகத் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும் என்றாய். "ஆனா ஒன்னோட நிக்க மாட்டேங்குதுப்பா. ஒரு அமோனியாவோட ரெண்டு மூனு ஆல்கஹால் ஒட்டிக்கிது, பிரிக்கவே முடியல" என்று சொல்லிக்கொண்டே சோற்றை அளைந்தாயே, நினைவிருக்கிறதா?

உன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், ஆல்கஹாலை மொத்தமாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விட்டால் என்ன என்று எழுதியிருந்தாயாம். ஜெசிந்தா அப்படியே செய்து பார்த்தாள். ஒன்றோடு நின்றது. நம்ப முடியாமல் மறுபடி மறுபடி செய்தாள். ஒவ்வொரு முறையும் நின்றது, மகளே!

கட்டுரை எழுதும்போது, உன் பெயரைக் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் போட்டால் போதும் என்றாராம் உங்கள் பேராசிரியர். ஜெசிந்தாவின் பட்டமே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. இருந்தும் அவள் ஒப்பவில்லை.

"அவ பேரு முதல்ல வரலன்னா என் பேரும் வேணாம்னு சொல்லிட்டேன் அங்கிள். யோசனை அவளோடதுலா. நான் செஞ்சு பார்த்தேன், அவ்ளோதான்."

பேராசிரியர் உன் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு போய் முழுக்கப் படித்தாராம். மறுவாரம் உன் பெயரை அவரே முதலில் எழுதினார்.

முந்தாநாள் கருத்தரங்கில் நானும் அம்மாவும் முன் வரிசையில் இருந்தோம். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் எழுந்து, "யாலினி"யின் முறை தங்கள் கூடத்திலும் பலிக்கிறது என்று பாராட்டினார். எனக்கு என்ன வந்ததோ, எழுந்துவிட்டேன்.

"சார், யாலினி இல்ல. யாழினி."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நாக்கை மடித்து முயன்றார். மூன்றாம் முறை வந்துவிட்டது. இழுத்த கையாலேயே அம்மா கைதட்டினாள்.

உனக்குக் கேட்டதா?

அடுத்த கருத்தரங்கு பினாங்கிலாம். ஜெசிந்தா கூப்பிட்டாள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரை யார் எங்கே தப்பாகச் சொன்னாலும் எழுந்து நிற்பேன், மகளே.

மம்பாவிலிருந்து,
யாழினி அப்பா